ஏரியில் ஓடும் மாடல் படகைப் படமெடுக்க: பாலக்காட்டுக் கிழக்குப் பக்கத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாடல் படகுப் படங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருக்கும். மேலிருந்து பார்த்த ஒரு பொம்மை, அதைச் சுற்றிப் பழுப்புத் தண்ணீர். குறை கேமராவில் இல்லை. எடுத்தவர் நின்றபடி எடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

கணக்குப் போட்டால் புரியும். 1:25 அளவில் செய்த ஒரு சுண்டன் வள்ளம் (கேரளத்துப் பாம்புப் படகு) இருக்கிறது என்று வையுங்கள். நிஜ வள்ளம் 30 மீட்டர் என்றால் மாடல் 1.2 மீட்டர். நிற்கும்போது உங்கள் கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். அதை 25ஆல் பெருக்கினால் 37 மீட்டருக்கு மேல். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து வள்ளத்தைப் பார்ப்பதும் அதுவும் ஒன்றுதான். அதே கேமராவைத் தண்ணீருக்கு 6 சென்டிமீட்டர் மேலே வைத்துப் பாருங்கள். இப்போது உயரம் ஒன்றரை மீட்டர், படகுத்துறையில் நிற்கும் ஆளின் கண்மட்டம். படகு உடனே பெரிதாகிவிடும்.

ஆகவே லென்ஸ் வாங்கப் பணம் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு பழைய சாக்கும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பும் எடுத்து வையுங்கள். படுத்துத்தான் எடுக்கப் போகிறோம்.

இடம் பார்ப்பது

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, முதலமடைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. மீங்கரை, சுள்ளியாறு, சற்றுத் தள்ளி வாளையாறு, மலம்புழை என்று அணைகள் இருக்கின்றன. பார்க்க அழகு அணைகள்தான். ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கு என் சிபாரிசு ஒரு சின்னக் குளம், இல்லையென்றால் தெரிந்தவர் தோப்புக்குள் இருக்கும் பாசனக் குட்டை. காரணம் எளிது: படகு நின்றுபோனால் கரைக்கு மீட்டு வர முடிய வேண்டும். நீர்த்தேக்கத்தின் நடுவில் பேட்டரி தீர்ந்து நிற்கும் படகை எட்டிப் பிடிக்க நீந்திப் போவது முட்டாள்தனம். அடியில் சேறும் கொடியும் எவ்வளவு என்று மேலிருந்து தெரியாது.

அணைக்கே போவதென்றால் அறிவிப்புப் பலகையைப் படியுங்கள், காவலரிடம் கேளுங்கள். அணைச்சுவர், மதகு இருக்கும் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம். பரிசலில் மீன் பிடிப்பவர்கள் இருந்தால் முதலில் அவர்களிடம் போய், "அண்ணா, வலை எந்தப் பக்கம் கிடக்குதுங்க?" என்று கேட்டுவிடுங்கள். தமிழோ மலையாளமோ, அங்கே இரண்டும் செல்லும். வலையில் ஒருமுறை புரொப்பெல்லர் சிக்கினால் அவர்களுக்கும் நஷ்டம், உங்களுக்கும் நஷ்டம். ஆகாயத்தாமரை மண்டிய மூலைகளையும் தவிர்த்துவிடுங்கள்.

கரையில் எதைத் தேடுவது? சரிவு மெதுவாக இறங்கும் இடம். அங்கேதான் படுத்தால் கேமரா தண்ணீர் மட்டத்துக்கு வரும். படித்துறை இருந்தால் அதுவும் நல்லது, கடைசிப் படியில் உட்கார்ந்துகொள்ளலாம், பாசி வழுக்குவதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் நீர்மட்டம் இறங்கிவிட்டால் கரையோரம் வெடித்த சேறு தெரியும். மேலே காய்ந்து உள்ளே இளகியிருக்கும் சேறு ஆளையே இழுக்கும். மழை முடிந்து அணை நிறைந்திருக்கும் மாதங்கள்தான் இந்த வேலைக்குத் தோது.

அடுத்தது பின்னணி. மாடல் படகின் அளவைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் பொருள்தான். படகின் அருகே ஒரு கோரைப் புல், ஒரு தாமரை இலை, ஒரு கொக்கு வந்தால் போதும், எல்லாம் பொம்மை என்று தெரிந்துவிடும். தூரத்து மலைக்கு அந்தச் சிக்கல் இல்லை. மலை எவ்வளவு பெரியது என்று கண்ணுக்குத் தெரியாது, அதனால் நிஜப் படகுக்குப் பின்னால் இருப்பது போலவே மாடலுக்குப் பின்னாலும் இருக்கும். கொல்லங்கோடு, முதலமடைப் பக்கம் தெற்கே திரும்பினால் தென்மலையும் அதற்கு மேல் நெல்லியாம்பதியும் நீலமாகச் சுவர் போட்டு நிற்கின்றன. இதைவிட நல்ல பின்திரை ஸ்டுடியோவில் கிடைக்காது. எதிர்க்கரைப் பனைமரங்களும் நன்றாகவே பொருந்தும், நூறு மீட்டராவது தள்ளி இருந்தால்.

நேரமும் காற்றும்

தெற்கே மலையைப் பார்த்து எடுக்கிறீர்கள் என்றால் காலை வெயில் இடப்பக்கத்திலிருந்து வரும். ஜூன் மாதத்தில் சூரியன் வடகிழக்கில் உதிப்பதால் ஒளி உங்கள் முதுகுப் பக்கமாகச் சாய்ந்து விழும். டிசம்பரில் தென்கிழக்கில் உதிப்பதால் எதிரே இடது மூலையிலிருந்து வரும். டிசம்பர் ஒளிதான் எனக்குப் பிடிக்கும். பாய்த்துணிக்குள் ஊடுருவி வரும், தெறிக்கும் தண்ணீர் ஒவ்வொரு துளியாக மின்னும். ஒன்பது மணிக்கு மேல் கடையைக் கட்டிவிடலாம். உச்சி வெயிலில் வெள்ளைப் படகு சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெளுத்துவிடும், நிழல் எல்லாம் கருப்பாகிவிடும்.

பாலக்காட்டுக் கணவாயில் படமெடுப்பவருக்கு வெயிலைவிடக் காற்றுதான் முக்கியம். தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்தும், டிசம்பர், ஜனவரியில் கோயம்புத்தூர்ப் பக்கம் கிழக்கிலிருந்தும் காற்று கணவாய்க்குள் நெரிந்து வரும். கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளைச் சும்மா நிறுத்தி வைக்கவில்லை. மோட்டார் படகுக்குக் காற்று எதிரி. 1:25 மாடலுக்கு அரை அடி அலை என்பது நிஜப் படகுக்கு நான்கு மீட்டர் அலை. அதனால் மோட்டார் படகைக் காற்று எழும் முன் விடியலிலேயே எடுத்துவிடுங்கள். கண்ணாடி மாதிரி தண்ணீரில் பிம்பமும் சேர்ந்து விழும்.

பாய்ப் படகென்றால் கதையே வேறு. காற்றில்லாமல் அது நகராது. கிழக்குக் காற்று அடிக்கும் நாளில் நீங்கள் தெற்கே பார்த்து இருந்தால், காற்றை முதுகில் வாங்கி ஓடும் படகு இடமிருந்து வலமாக நிமிர்ந்தே போகும். படம் சப்பென்று இருக்கும். அதே படகு காற்றை எதிர்த்துக் குறுக்காக ஏறி வரும்போதுதான் உடம்பைச் சாய்த்து, அணியத்தால், அதாவது முன்முனையால், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரும். முன்பக்கமும் ஒரு பக்கவாட்டும் தெரிய உங்கள் பக்கம் முக்கால் முகத்தோடு அது வரும் நேரம் எது என்று ரிமோட்டில் ஓட்டுபவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படகை அறிந்துகொள்வது

கேமராவை வெளியே எடுக்கும் முன் முதல் சுற்றைச் சும்மா பாருங்கள். எங்கே திரும்புகிறது, எங்கே வேகமெடுக்கிறது, எந்த இடத்தில் பின்னால் தண்ணீர் வால் எழுகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒரு மீட்டர் நீளமுள்ள பாய்ப் படகு சாதாரணமாக நொடிக்கு ஒரு மீட்டர் கணக்கில் போகும். லித்தியம் பாலிமர் பேட்டரி போட்ட வேகப் படகு மணிக்கு 40 கிலோமீட்டரைத் தொடும், அதாவது நொடிக்குப் பதினோரு மீட்டர். அந்த வேகத்தில் பேட்டரி சில நிமிடம்தான் தாங்கும். ஓடத் தொடங்கிய பிறகு மெனுவைத் தேடிக்கொண்டிருந்தால் ஒன்றும் கிடைக்காது. என்ன படம் வேண்டும் என்று ஓட்டுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "கரைக்கு இணையா ரெண்டு ரவுண்டு, அப்புறம் மிதவையைச் சுத்தி ஒரு திருப்பம்."

பாதுகாப்பு பற்றி ஒரே ஒரு பேச்சு. வேகப் படகு வரும் கோட்டுக்கு நேர் முன்னால் படுக்காதீர்கள். ரேடியோ தொடர்பு அறுந்தால் அது கரையில் ஏறும், அங்கே உங்கள் தலை இருக்கும். எப்போதும் கோட்டுக்குப் பக்கவாட்டில், படகு திரும்பும் வளைவின் உட்புறத்தில் இருங்கள். குழந்தைகளை ஓட்டுபவருக்குப் பின்னால் நிறுத்துங்கள்.

எவ்வளவு தூரம், எந்த லென்ஸ்

கிட் லென்ஸோடு (கேமராவோடு தரும் சாதாரண லென்ஸ்) கூடவே வரும் 55-250 அல்லது 70-300 எம்எம் ஜூம் லென்ஸ் போதும். சாதாரண ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமராவில் 200 எம்எம் வைத்தால், 10 மீட்டர் தூரத்தில் ஃப்ரேமின் அகலம் ஏறத்தாழ 1.2 மீட்டர். ஒரு மீட்டர் படகு கிட்டத்தட்ட ஃப்ரேமை நிறைத்துவிடும். புதியவருக்கு அது ரொம்ப நெருக்கம், படகு வெளியே ஓடிவிடும். 135 எம்எம் வாக்கில் தொடங்குங்கள், சுற்றிலும் இடம் விட்டு எடுங்கள், பிறகு வெட்டிக்கொள்ளலாம். படகுக்கு முன்னால் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருக்கட்டும், போவதற்கு வழி வேண்டுமே.

போனில் எடுப்பவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். போனுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது: அதைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தண்ணீரை ஒட்டியே வந்துவிடும். பெரிய கேமராவால் அவ்வளவு கீழே போக முடியாது. சின்ன சென்சார் என்பதால் படகு முழுக்கத் தெளிவாகவும் இருக்கும். ஆனால் சாதாரண லென்ஸில் 10 மீட்டர் தள்ளி ஓடும் படகு எறும்பு அளவுக்குத்தான் விழும். மூன்று மடங்கு டெலி லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்திப் படகை 4 மீட்டருக்குள் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். விரலால் இழுக்கும் டிஜிட்டல் ஜூம் வேண்டாம். மணிக்கட்டில் கயிறு கட்டாமல் போனைத் தண்ணீருக்கு மேல் நீட்டவும் வேண்டாம்.

அமைப்புகள்

ஷட்டர் வேகத்தை ஊகிக்கத் தேவையில்லை, கணக்கிருக்கிறது. நொடிக்குப் பத்து மீட்டர் போகும் படகு 1/1000 நொடியில் ஒரு சென்டிமீட்டர் நகரும். 1/250இல் நான்கு சென்டிமீட்டர், அதாவது படகின் பெயரெழுத்து அழிந்துவிடும். ஆகவே வேகப் படகைக் கேமராவை அசைக்காமல் எடுக்க 1/2000 பக்கம் போங்கள். தெறிக்கும் துளிகள் முத்தாக உறைய வேண்டும் என்றாலும் அதுவே. பாய்ப் படகுக்கு 1/500 தாராளம். உங்களை நோக்கி நேராக வரும் படகு ஃப்ரேமில் குறைவாகத்தான் நகரும், அங்கே கொஞ்சம் இறங்கலாம்.

ஷட்டர் முன்னுரிமையில் (ஷட்டர் வேகத்தை நீங்கள் வைக்க, மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும் முறை) வைத்து ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளியுணர்வை, ஆட்டோவில் விடுவது புதியவருக்குச் சுலபம், மேல் எல்லையை 1600 என்று கட்டிவிடுங்கள். நல்ல வெயிலில் எஃப் 8 (லென்ஸ் திறப்பின் அளவு, எண் கூடினால் திறப்பு சுருங்கும்), ஐஎஸ்ஓ 400 என்றால் ஷட்டர் 1/1600க்கு வரும். விடியலில் அது கிடைக்காது, ஐஎஸ்ஓ ஏறத்தான் செய்யும், ஏறட்டும். சில இரைச்சல் புள்ளிகளுக்குப் பயந்து கலங்கிய படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் புரிவதே இல்லை.

அந்தத் திறப்பை, அதாவது அபர்ச்சரை, அகலமாக்காதீர்கள். பின்னணி மங்கலாக இருந்தால் அழகு என்று பூ, முகம் எடுத்துப் பழகியிருப்போம். இங்கே அதே மங்கல்தான் படகைப் பொம்மையாக்கும். நிஜக் கப்பலை எடுத்த படத்தில் அணியம் தெளிவாகவும் பின்முனையான அமரம் மங்கலாகவும் இருந்து பார்த்திருக்கிறீர்களா? 200 எம்எம், 10 மீட்டர், எஃப் 8 என்றால் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர். எஃப் 11இல் ஒரு மீட்டரைத் தாண்டும். முக்கால் முகமாக வரும் படகுக்கு எஃப் 11 வரை போகலாம்.

ஃபோகஸைத் தொடர் முறையில் வையுங்கள், நடுவில் ஒரு சிறிய குழுப் புள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள். எல்லாப் புள்ளிகளையும் திறந்துவிட்டால் கேமரா மினுங்கும் அலையைப் பிடித்துக்கொண்டு படகை விட்டுவிடும். அப்படியும் பிடிபடவில்லையா? பழைய வழி ஒன்று இருக்கிறது. ஒரு தெர்மகோல் துண்டையோ காலி பாட்டிலையோ கல் கட்டி மிதவையாகப் போடுங்கள், போய்வரும்போது மறக்காமல் எடுத்துவிட வேண்டும். மிதவையில் ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்றிப் பூட்டிவிடுங்கள். படகு மிதவையைச் சுற்றத் தொடங்கும் நொடியில் பர்ஸ்ட், அதாவது தொடர் படங்கள், அடியுங்கள். போனில் மிதவையின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும்.

வெளிச்ச அளவு இன்னொரு பொறி. கரும்பச்சைத் தண்ணீர் ஃப்ரேமில் நிறைந்திருந்தால் கேமரா அதைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும், வெள்ளைப் பாய் வெந்துவிடும். வெளிச்சத் திருத்தத்தை மைனஸ் 0.7 வைத்து ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராமின் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தைப் பாருங்கள், முட்டிக்கொண்டு நின்றால் இன்னும் குறையுங்கள். எதிர்வெயிலில் தண்ணீர் தகதகக்கும்போது இதற்கு நேர் எதிர்: கேமரா பயந்து இருட்டாக்கும், படகு கரிக்கட்டையாகும், பிளஸ் பக்கம் போக வேண்டும். ரா (RAW) கோப்பாக எடுத்தால் பிறகு சரிக்கட்டக் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

தண்ணீர் என்றதும் கடைக்காரர் போலரைசர் ஃபில்டரை நீட்டுவார். வாங்க அவசரம் வேண்டாம். தண்ணீர்ப் பளபளப்பை அது நன்றாக அறுப்பது, நீர்ப்பரப்புக்கு ஏறத்தாழ 37 டிகிரி மேலிருந்து பார்க்கும்போது. நாமோ படுத்துக்கொண்டு பரப்பை ஒட்டிப் பார்க்கிறோம், அங்கே அதனால் பெரிய பயனில்லை. கூடவே ஒன்றரை ஸ்டாப் வாக்கில், அதாவது பாதிக்கு மேல், வெளிச்சத்தையும் தின்னும். நமக்கு வேண்டிய பிம்பத்தை அழித்தாலும் அழிக்கும்.

பானிங்

எல்லாம் உறைந்த படம் வேகத்தைச் சொல்லாது. வேகம் தெரிய வேண்டும் என்றால் கேமராவைப் படகோடு சேர்த்து ஓட்ட வேண்டும், படகு தெளிவாகவும் தண்ணீர் கோடுகளாகவும் விழும். இதற்கு மட்டும் படுக்காமல் சம்மணம் போட்டு உட்காருங்கள், முழங்கை இரண்டையும் முழங்காலில் ஊன்றிக்கொள்ளுங்கள். படகு உங்களைக் கடக்கப் போகும் இடத்தை நோக்கி இடுப்புக்குக் கீழே உடம்பை வைத்து, இடுப்புக்கு மேலே படகு வரும் பக்கம் திரும்புங்கள். படகைப் பிடித்து, கூடவே சுழன்று, எதிரே வரும்போது அழுத்துங்கள். அழுத்திய பிறகும் சுழற்சியை நிறுத்தாதீர்கள், அங்கேதான் பலருக்குக் கை வெட்டும்.

ஷட்டர் 1/250இல் தொடங்கி, கை பழகப் பழக 1/125, 1/60 என்று இறங்குங்கள். பாய்ப் படகின் மெதுவேகத்துக்கு 1/30 வரைகூடப் போக வேண்டியிருக்கும். லென்ஸில் அதிர்வுத் தடுப்புக்கு இரண்டாம் நிலை இருந்தால் அதைப் போடுங்கள், அது மேல்கீழ் ஆட்டத்தை மட்டும் அடக்கும். படகு கரைக்கு இணையாக, ஒரே தூரத்தில், ஒரே வேகத்தில் ஓடினால்தான் இது பலிக்கும். ஓட்டுபவர் பொறுமைசாலியாக இருக்க வேண்டும், வீட்டுக்குப் போகும் வழியில் டீயும் பழம்பொரியும் உங்கள் செலவு. ஒரு பேட்டரிக்கு ஒரு நல்ல பானிங் படம் விழுந்தால் அது நல்ல கணக்குதான்.

வீடியோ எடுப்பவர்களுக்கு

கேமராவை எவ்வளவு இறக்கினாலும் மாடல் படகின் வீடியோ துறுதுறுவென்று ஆடும். நிஜக் கப்பல் அலையில் கனமாக, மெதுவாக ஏறி இறங்கும். மாடலைச் சுருக்கலாம், புவியீர்ப்பைச் சுருக்க முடியாது, அதுதான் காரணம். அலையின் ஆட்டத்தை நிஜத்தோடு பொருத்த, மாடல் அளவின் வர்க்கமூலம் எவ்வளவோ அத்தனை மடங்கு வீடியோவை மெதுவாக்க வேண்டும். 1:16 மாடலுக்கு நான்கு மடங்கு, 1:25க்கு ஐந்து, 1:36க்கு ஆறு. நொடிக்கு 120 ஃப்ரேமில் எடுத்து 24இல் ஓட்டினால் சரியாக ஐந்து மடங்கு. போனில் ஸ்லோ மோஷனைத் தட்டினாலே இதற்குக் கிட்ட வரலாம், ஆனால் முக்கால்வாசிப் பேர் அதைக் கல்யாண வீட்டில் பூத்தூவலுக்குத்தான் பயன்படுத்துகிறார்கள். துளிகளை மட்டும் எந்தக் கணக்கும் காப்பாற்றாது. தண்ணீர்த் துளி சிறிதாகாது, அதனால் மிகவும் தெறிக்கும் காட்சிகளைவிட அலை உருளும் காட்சிகளே நம்பும்படியாக இருக்கும்.

எடுத்த பிறகு

முதலில் அடிவானத்தை நேராக்குங்கள். தண்ணீர் ஒரு டிகிரி சாய்ந்தாலும் கண்ணை உறுத்தும். பாய்ப் படகில் படகு சாய்ந்திருக்கலாம், ஏரி சாயக் கூடாது. பர்ஸ்டில் வந்த குவியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்போது அணியத்து அலை நன்றாக எழுந்திருக்கும் படம் எது என்று பாருங்கள், மற்றவற்றைக் கூச்சமில்லாமல் அழித்துவிடுங்கள். ஓரத்தில் மிதவைப் பாட்டில் விழுந்திருந்தால் வெட்டலாம். ஆன்டெனாக் கம்பியை மென்பொருளில் துடைப்பது உங்கள் இஷ்டம். படகு செய்தவருக்கு அது பிடிக்காமல் போகலாம், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். முழு அளவுப் படத்தை அவருக்கு அனுப்பும்போது வாட்ஸாப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள், சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். படத்தின் நடுவில் உங்கள் பெயரைப் பெரிதாகப் போட்டு அனுப்பினால் அடுத்த வாரம் அவர் வேறு யாரையாவது கூப்பிடுவார்.

கேமராவை அன்றே துடைத்துவிடுங்கள். முதலில் ஈரத்துணி, பிறகு காய்ந்த துணி, லென்ஸ் கண்ணாடிக்குத் தனித்துணி. ஜூன் முதல் நவம்பர் வரை நம் பக்கத்து ஈரக்காற்றில் பைக்குள் மூடி வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு அதற்குள் வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் வாங்கினால் எப்போது மாற்ற வேண்டும் என்று அதுவே காட்டும்.